பாலேவாடியில் நடந்த சென்னை ஆட்டம்

2015 டிசம்பர் 12, சனிக்கிழமை. இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டியின் அட்டவணைப்படி அன்று சென்னையின் எஃப்சி அணி, அரையிறுதியின் முதல் ஆட்டத்தில், அத்லெடிகோ டி கொல்கத்தா அணியைத் தன் சொந்த மைதானத்தில் சந்திக்க வேண்டும். அந்தச் சொந்த மைதானம் பெரியமேட்டில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம். ஆனால் ஆட்டம் நடந்தது அங்கிருந்து சாலை வழியாக 1,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில், புனே நகரின் மேற்கு ஓரத்தில், மும்பை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய பாலேவாடி விளையாட்டு வளாகத்தில். அப்போது நான் சிஞ்ச்வடில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு வாகடில் வாடகை அறையில் தங்கியிருந்தேன். அறையிலிருந்து அந்த மைதானம் மோட்டார்சைக்கிளில் கால்மணி நேரத் தொலைவு. என் ஊரில் நடத்த முடியாமல் போன ஆட்டத்தை ஆடுவதற்காக, என் ஊர் அணி, நான் பிழைக்க வந்த ஊருக்கு வந்தது.

ஏன் சென்னையில் நடத்த முடியவில்லை என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டிசம்பர் 1 அன்று பெய்யத் தொடங்கிய மழை அடுத்த நாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. விமான நிலைய ஓடுபாதையில் தண்ணீர் நின்றதால் பல நாட்கள் விமானங்கள் இயங்கவில்லை. 1878-இல் தொடங்கிய தி இந்து ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பு, ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியாததால், டிசம்பர் 2 அன்று தன் வரலாற்றில் முதன்முறையாக வெளிவரவில்லை. மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு நகருக்குள் வந்து, தெருத்தெருவாக மனிதர்களைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள்.

எங்கள் வீடு முடிச்சூரில். அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, ஓய்வுபெறும்போது கிடைத்த பணத்தில் கட்டிய வீடு அது. அந்த நாட்களில் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றியே பேசினார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் கலக்கும் இடம் முடிச்சூருக்குக் கீழே இருக்கிறது. எங்கள் தெருவுக்குள் வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளிலிருந்து வழிந்த நீர். ஏரிகள் ஒன்றுக்கொன்று தண்ணீர் கைமாற்றிக்கொண்டிருந்த பழைய வழிகளின் மேல் நாங்கள் மனை வாங்கியிருந்தோம் என்பதை அந்த மழை எங்களுக்குக் காட்டியது. அப்பாவும் அம்மாவும் மொட்டை மாடியில் இரண்டு இரவுகளைக் கழித்தார்கள். அந்த இரண்டு நாட்களும் அவர்களுடைய தொலைபேசி கிடைக்கவில்லை. நான் வாகடில் உட்கார்ந்து, ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு முறை அதே எண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பகலில், வேறு யாரோ ஒருவருடைய கைபேசியிலிருந்து அப்பா பேசினார். நன்றாக இருக்கிறோம், நீ ரயில் தேடி அலையாதே, பாதை சரியான பிறகு வா என்று மூன்று வாக்கியங்கள் சொல்லிவிட்டு, கைபேசியைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டார்.

இந்த நிலையில் கால்பந்தைப் பற்றி யோசிப்பதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்த ஆண்டின் கதையைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு அது எளிதில் விட்டுவிடக்கூடிய கதையில்லை என்பது தெரியும். இத்தாலிக்காக 2006 உலகக் கோப்பையை வென்ற மார்கோ மத்தெராட்சி பயிற்சியாளராக இருந்த சென்னை அணி, பட்டியலின் அடிவரை இறங்கிப்போய், பிறகு தொடர் வெற்றிகளால் மேலே ஏறி, 22 புள்ளிகளுடன் மூன்றாம் இடத்தைப் பிடித்திருந்தது. கொல்கத்தா 23 புள்ளிகளுடன் இரண்டாம் இடம். இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டி முடிவு செய்யும் அரையிறுதியில், முதல் ஆட்டம் கீழே இருக்கும் அணியின் ஊரிலும், இரண்டாவது ஆட்டம் மேலே இருக்கும் அணியின் ஊரிலும் நடக்கும். கொல்கத்தாவுக்கு சால்ட் லேக் மைதானம் பத்திரமாக இருந்தது. அங்கே 60,000 பேருக்கு மேல் கூட முடியும். சென்னைக்கு அந்த வாரத்தில் மைதானமும் இல்லை, பார்க்க வரும் நிலையில் மக்களும் இல்லை. காவலர்களும் மருத்துவ வண்டிகளும் மின்சார ஊழியர்களும் வெள்ளத்தில் சிக்கிய தெருக்களில் நின்றுகொண்டிருக்கும்போது, அவர்களில் சில நூறு பேரை ஓர் ஆட்டத்துக்காக அழைத்துக்கொள்வது சரியும் ஆகாது. ஆகவே ஆட்டத்தை வேறு ஊருக்கு மாற்றியது நியாயமான முடிவு என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். நியாயமான முடிவாக இருந்தாலும் அதில் ஓர் இழப்பு இருந்தது.

இடம் புனே என்ற செய்தி வந்ததும் அப்பாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுவதும் தயங்கினேன். அவர் வீட்டுக்குள் முழங்கால் அளவு படிந்த சேற்றை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சிப் பெட்டி, பீரோ, அம்மாவின் தையல் இயந்திரம் எல்லாம் வாசலில் கிடந்தன. கடைசியில் நான் சொல்லுமுன் அவரே கேட்டார். "மேட்ச் உங்க ஊர்லயாமே? டிக்கெட் வாங்கிட்டியா?" இல்லை என்றேன். "போய்ப் பாருடா. நம்மாளுங்க யாராவது இருக்கணும் இல்ல" என்றார்.

அந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. வில்லிவாக்கத்தில் குவார்ட்டர்ஸில் இருந்த நாட்களில், ஐ.சி.எஃப். அணி சென்னை லீக்கில் ஆடும் மாலைகளில், அப்பா என்னைப் புறநகர் ரயிலில் சென்ட்ரலுக்கு அழைத்து வந்து, அங்கிருந்து நேரு மைதானத்துக்கு நடத்திக் கூட்டிப்போவார். கேலரியில் மொத்தமாக நூறு பேர் இருந்தால் அதிகம். எதற்காக இவ்வளவு தூரம் என்று நான் சிணுங்கினால் அப்போதும் அதையே சொல்வார்: ஆடுகிறவன் நிமிர்ந்து பார்க்கும்போது நம்மாட்கள் யாராவது இருக்க வேண்டும். டிக்கெட் வாங்கினேன்.

என்னுடன் வர இருந்தவர்கள் மூன்று பேர். அறைத் தோழன் திருநெல்வேலிக்காரன். கால்பந்தில் அவனுக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது, ஆனால் அந்த வாரத்தில் என்னைத் தனியே விடக்கூடாது என்று அவனாகவே முடிவு செய்திருந்தான். மற்ற இருவர் கட்கியைச் சேர்ந்த ஒரு பெரியவரும் அவருடைய பேரனும். புனேயில் தமிழர்கள் என்றால் இப்போது எல்லோரும் ஹிஞ்சவாடியின் மென்பொருள் நிறுவனங்களில் வேலைபார்ப்பவர்களைத்தான் நினைப்பார்கள். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே, ராணுவக் குடியிருப்பையும் வெடிமருந்துத் தொழிற்சாலையையும் நம்பிக் கட்கியிலும், ராஸ்தா பேட்டிலும், தேஹு ரோட்டிலும் வந்து தங்கிய குடும்பங்கள் உண்டு. பெரியவர் அப்படி ஒரு குடும்பத்தில் புனேயிலேயே பிறந்தவர். அவருடைய தமிழில் மராத்திச் சொற்கள் கலந்திருக்கும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். சென்னையை அவர் பார்த்ததெல்லாம் உறவினர் திருமணங்களின்போது சில நாட்கள். வெள்ள நிவாரணத்துக்காகப் போர்வை, பால் பவுடர், தண்ணீர் பாட்டில் என்று நாங்கள் சேகரித்தபோது, தன் தெருவிலிருந்து பன்னிரண்டு மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கியவர் அவர். அப்போதுதான் பழக்கம். ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதும், "நம்ம மெட்ராஸ் டீம் நம்ம ஊருக்கு வருதா தம்பி?" என்று கேட்டார். இரண்டு முறை 'நம்ம' என்று சொன்னார். ஒன்று அவர் வாழாத ஊருக்கு, மற்றது அவர் வாழும் ஊருக்கு.

டிசம்பர் மாதத்துப் புனே மாலை குளிர்ந்து கிடந்தது. வளாகத்தின் வெளியே வடா பாவ் வண்டிகளும் டீ விற்பவர்களும் நின்றார்கள். நீல ஜெர்சி விற்பவர் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. நேரு மைதானத்துக்கு வெளியே என்றால், சைடன்ஹாம்ஸ் சாலையில் பெரியமேட்டுப் பக்கத்திலிருந்தே கொடியும் தலைப்பட்டையும் விற்பவர்கள் மறித்துக்கொள்வார்கள். பெரியவரின் பேரன் பள்ளியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அவனுக்காக நான் முந்தைய ஆண்டு சென்னையில் வாங்கிய அணித் துண்டைக் கழுத்தில் சுற்றிவிட்டேன்.

பாலேவாடி வளாகம் 1994 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. 2008 காமன்வெல்த் இளைஞர் போட்டிகளும் அங்கேதான் நடந்தன. கால்பந்துக்கு என்று தனியாகக் கட்டப்பட்ட இடமல்ல. புல்தரையைச் சுற்றி ஓடுதளம் போவதால் இருக்கைக்கும் ஆட்டத்துக்கும் இடையில் ஒரு தூரம் விழுந்துவிடும். நேரு மைதானத்திலும் அதே ஓடுதளம் உண்டு என்பதால், உட்கார்ந்த முதல் சில நிமிடங்களில், கண்ணைச் சற்றுச் சுருக்கிக்கொண்டால், பெரியமேட்டில் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. பிறகு அறிவிப்பாளர் இந்தியில் பேசத் தொடங்கினார். எங்களைச் சுற்றிலும் வெற்று வரிசைகள் தெரிந்தன. அந்த ஊரின் சொந்த அணியான எஃப்சி புனே சிட்டி அரையிறுதிக்கு வரவில்லை. ஆகவே வந்திருந்தவர்களில் பலர் கால்பந்தைப் பார்க்க வந்த புனேக்காரர்கள். யார் நன்றாக ஆடினாலும் கைதட்டத் தயாராக இருந்த, நல்ல மனது கொண்ட கூட்டம் அது. ஆனால் அரையிறுதிக்கு அந்த மனது போதாது. அங்கே ஒரு பக்கம் சாய்ந்த கூட்டம் வேண்டும்.

அணியின் பெயரை நான் முதன்முறையாக உன்னிப்பாகக் கவனித்ததும் அன்றைக்குத்தான். சென்னையின் என்பது தமிழில் தனியாக நிற்கக்கூடிய சொல் அல்ல. யாராவது 'சென்னையின்' என்று சொல்லி நிறுத்தினால், சென்னையின் எது என்று கேட்பவர் காத்திருப்பார். மற்ற அணிகள் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டபோது, இந்த அணி மட்டும் உடைமையைக் காட்டும் உருபைச் சேர்த்துக்கொண்டு, தான் ஓர் ஊருக்குச் சொந்தமான பொருள் என்று பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறது. பலகையில் அந்தப் பெயர் ஒளிர்ந்தபோது, அதன் உரிமையாளர்களில் பெரும்பாலானோர் சேற்றை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைவு எனக்கு வந்தது. வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் கால்பந்து ஆடியே வளர்ந்து, நடந்தே மைதானத்துக்கு வரக்கூடிய பையன்கள் இருந்திருந்தால் அந்தக் கேலரி எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தவர்கள், அன்று அங்கே எங்களில் சிலர் மட்டுமே.

எதிர்ப் பகுதியில் சிவப்பும் வெள்ளையும் நிறையவே தெரிந்தன. ஹிஞ்சவாடியில் தமிழர்கள் எவ்வளவோ அவ்வளவு வங்காளிகளும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்ப்பவர். நிவாரண மூட்டைகளைக் கட்டுவதற்கு மூன்று இரவுகள் என் பக்கத்தில் உட்கார்ந்து கை வலிக்கக் கட்டியவர். வாசலில் என்னைப் பார்த்ததும் முதலில் அப்பாவைப் பற்றி விசாரித்தார்; வீட்டில் மின்சாரம் வந்துவிட்டதா என்று கேட்டார். அதன் பிறகு, இன்று மட்டும் மன்னித்துவிடு என்று சொல்லிவிட்டுத் தன் கொடியுடன் மறுபக்கம் போனார். அவர் எங்களோடு உட்கார்ந்திருந்தால்தான் நான் வருத்தப்பட்டிருப்பேன். தன் ஊருக்காகக் கத்துவதற்கு அவருக்கு இருந்த உரிமையும் எனக்கு இருந்த உரிமையும் ஒன்றுதான்.

ஆட்டம் தொடங்கியதும் எங்கள் பகுதியில் மெல்ல ஒரு மாற்றம் ஏற்பட்டது. முன் வரிசையில் கோயம்புத்தூர்ப் பையன்கள் ஐந்தாறு பேர், பின்னால் மதுரைக் குடும்பம் ஒன்று, இடதுபுறம் நர்சிங் படிக்கும் பெண்கள் நான்கு பேர் என்று அங்கங்கே சிதறி உட்கார்ந்திருந்தவர்கள், தமிழில் ஒரு குரல் கேட்டதும் திரும்பிப் பார்த்து, அடுத்த சில நிமிடங்களில் எழுந்து வந்து ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் சென்னையைச் சேர்ந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. சென்னையில் இருந்தால் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் சென்னை அணிக்காகத் தொண்டை கிழியக் கத்துவாரா என்பது சந்தேகம். வெளியூரில் அந்த எல்லைகள் அழிந்துவிடுகின்றன. முதல் பாதி முழுவதும் இரு அணிகளும் ஒன்றையொன்று அளந்து பார்த்துக்கொண்டிருந்ததுபோல் எனக்குத் தோன்றியது. கொல்கத்தாவின் பயிற்சியாளர் அந்தோனியோ லோபஸ் ஹபாஸ், முந்தைய ஆண்டு கோப்பையை வென்றவர்; தற்காப்பைக் குலையவிடாதவர் என்று பெயர் பெற்றவர். இடைவேளைக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது பிரேசில்காரர் புரூனோ பெலிசாரி கோல் அடித்தார். பந்து வலையைத் தொட்டது எங்கள் இருக்கையிலிருந்து தெளிவாகத் தெரியவில்லை. வீரர்கள் கைகளை விரித்து ஓடியதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டோம். பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "போச்சா? உள்ளே போச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இடைவேளையில் அப்பாவை அழைத்தேன். மணி எட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் மொட்டை மாடியில் இருந்தார். பார்ப்பதற்குத் தொலைக்காட்சி இல்லை. யார் அடித்தது, எந்தப் பக்கத்திலிருந்து, நடுக்களத்தில் பந்து யாரிடம் அதிகமாக இருக்கிறது, பின்வரிசை மேலே ஏறி நிற்கிறதா இறங்கி நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சிறு வயதில் கேலரியில் உட்கார்ந்து இந்த விவரங்களை எல்லாம் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்று நான் அவருக்குச் சொன்னேன். இரண்டாம் பாதி தொடங்கும்போது அழைப்பைத் துண்டிக்க மனம் வரவில்லை. கைபேசியைச் சட்டைப் பையில் அப்படியே வைத்துக்கொண்டேன். முடிச்சூரின் இருட்டில் அந்த மைதானத்தின் இரைச்சல் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டாவது கோலை அடித்தவர் ஜேஜே லால்பெக்லுவா. மிசோரத்திலிருந்து வந்த அவர், ஐ லீக் என்ற தேசியக் கால்பந்து லீக்கில் புனே எஃப்சி அணிக்காக இதே ஊரில் ஆடியவர் என்பதால், உள்ளூர்க்காரர்களுக்கு அவர் பழைய முகம். அந்தக் கோலுக்கு எங்கள் பகுதியைத் தாண்டி எல்லாப் பக்கங்களிலிருந்தும் வந்த சத்தம் வேறு விதமாக இருந்தது. சென்னையில் நடந்திருந்தால் அவருக்கு அந்த வரவேற்பு கிடைத்திருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நன்றியின் சத்தம், பழகியவர்களின் சத்தம். ஆட்டத்தை மாற்றியதால் நாங்கள் இழந்ததைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, மாற்றியதால் இப்படி ஒன்றும் கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதன் பிறகு கொலம்பியாவின் ஸ்டிவன் மெண்டோசா மூன்றாவது கோலை அடித்தார். அந்தப் பருவத்தில் 13 கோல்களுடன், அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வென்ற மெண்டோசா, காலில் பந்தோடு ஓடத் தொடங்கினாலே இருக்கையில் உட்கார முடியாது. பேரன் துண்டைத் தலைக்கு மேலே சுழற்றினான். "போடு மச்சி" என்று கோயம்புத்தூர்ப் பையன்கள் தொடங்கியதை, அர்த்தம் தெரியாத மராத்திப் பையன்களும் சேர்ந்து கத்தினார்கள்.

மூன்று பூஜ்யம். வெளியூரில் வந்து ஆடிய சொந்த மைதான ஆட்டத்தில் அதற்கு மேல் எதுவும் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் எனக்கு நிம்மதி வரவில்லை. அதற்குக் காரணம் முந்தைய ஆண்டு. 2014 அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ் கொச்சியில் சென்னையை 3-0 என்று வென்றது. இரண்டாவது ஆட்டத்துக்காக நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், டிசம்பர் 16 அன்று அப்பாவுடன் நேரு மைதானத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த மாலையில் சென்னை மூன்று கோல் அடித்து, முடிந்துபோன கணக்கைச் சமமாக்கியது. அந்த மூன்றிலும் கூட்டத்துக்குப் பங்கு உண்டு; அந்த இரைச்சலின் நடுவில் நின்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பிறகு கூடுதல் நேரத்தின் கடைசியில் ஸ்டீபன் பியர்சன் அடித்த ஒரே கோலில் எல்லாம் முடிந்தது. சென்ட்ரல் வரை இருவரும் பேசாமல் நடந்தோம். ஆகவே, மூன்று கோல் முன்னிலையை ஒரு சொந்த மைதானம் தின்றுவிட முடியும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருந்தோம். நான்கு நாட்களில் சால்ட் லேக்கில் நடக்கப்போகும் ஆட்டத்தில் கொல்கத்தாவுக்கு அப்படி ஒரு மைதானம் இருந்தது. எங்களுடையது பாலேவாடியின் ஒரு மூலையில் சேர்ந்த சிறு கூட்டம்.

ஆட்டம் முடிந்ததும் கைபேசியை எடுத்தேன். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. "எத்தனை பேர்டா இருந்தீங்க?" என்றுதான் அப்பா முதலில் கேட்டார். எங்கள் பகுதியில் இருந்தவர்களை ஊர் ஊராகச் சொன்னேன். கட்கிப் பெரியவரைப் பற்றியும் சொன்னேன். அவரிடம் கைபேசியைக் கொடுக்கச் சொன்னார். ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு வயதானவர்கள், சேறு வடிந்துவிட்டதா, கிணற்றுத் தண்ணீர் தெளிந்துவிட்டதா, இரண்டாவது கோலை யார் அடித்தது என்று ஐந்து நிமிடம் பேசினார்கள். பெரியவர் அப்பாவை 'அண்ணா' என்று அழைத்தார்.

இந்த இடத்தில் 2018-ஐப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காவிரிப் போராட்டத்தின் காரணமாக சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் எஞ்சிய உள்ளூர் ஆட்டங்கள் சேப்பாக்கத்திலிருந்து புனேக்கு, கஹுஞ்ஜே மைதானத்துக்கு மாற்றப்பட்டன. அப்போது சென்னையிலிருந்து ஒரு தனி ரயில் நிறைய ரசிகர்கள் வந்து இறங்கினார்கள். மஞ்சள் சட்டைகளோடு அவர்கள் புனே ரயில் நிலையத்தில் விசிலடித்தபடி இறங்கியதைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியும் இருந்தது, 2015-ஐ நினைத்து ஒரு வலியும் இருந்தது. கிரிக்கெட்டுக்கு ரசிகர்கள் அதிகம் என்பது மட்டும் அல்ல காரணம். 2015-இல் யாரும் வர முடியாத சூழ்நிலை. பணமும் நேரமும் உள்ளவர்கள்கூட அந்த வாரத்தில் வீட்டை விட்டு நகர முடியாது. ஆடுபவர்கள் ஊர்விட்டு ஊர் போகும்போது பார்ப்பவர்கள் பின்னால் போவது ஒன்று. பார்ப்பவர்கள் அத்தனை பேரையும் வெள்ளத்தில் விட்டுவிட்டு ஆடுபவர்கள் மட்டும் போக நேர்வது வேறு.

டிசம்பர் 16, சரியாக ஓர் ஆண்டுக்குப் பிறகு அதே தேதி, கொல்கத்தா ஆட்டத்தை அறையில் தொலைக்காட்சியில் பார்த்தோம். கொல்கத்தாவின் தெயான் லெகிச் அடித்த முதல் கோலுக்குப் பின் நீண்ட நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் இயான் ஹியூம் இரண்டாவதை அடித்தார். பிறகு, முந்தைய ஆண்டு கொல்கத்தாவுக்காக ஆடிய ஃபிக்ரு தெஃபெரா, சென்னைச் சட்டையில் ஒரு கோல் அடித்து முடித்துவைத்தார். இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 4-2. பாலேவாடியில் கிடைத்த மூன்றும்தான் அணியை இறுதிக்குக் கொண்டுசென்றன.

இறுதி ஆட்டம் டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில், எஃப்சி கோவாவின் சொந்த மண்ணில் நடந்தது. கடைசி நிமிடங்களில் 1-2 என்று பின்தங்கியிருந்த சென்னை, எதிரணி கோல்கீப்பரின் கையில் பட்டு உள்ளே போன பந்தாலும், உடனே மெண்டோசா அடித்த கோலாலும் 3-2 என்று கோப்பையை வென்றது. 2018-இல் பெற்ற இரண்டாவது கோப்பையும் இப்படித்தான்: பெங்களூருவில், பெங்களூரு அணிக்கு எதிராக, அதே 3-2. இரண்டு கோப்பைகளையும் இந்த அணி எதிரணியின் ஊரில்தான் தூக்கியது. சென்னை மக்கள் இரண்டையும் திரையில்தான் பார்த்தார்கள்.

ஃபதோர்டா ஆட்டம் முடிந்த இரவில் அப்பாவுக்கு அழைத்தால் இணைப்பு கிடைக்கவில்லை. வில்லிவாக்கத்தில் அத்தை வீட்டில் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, தெருவில் நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குள் கட்கியிலிருந்து பெரியவரின் அழைப்பு வந்தது. அவருடைய பின்னணியில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது; பேரன் கத்துவது கேட்டது. தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து ஆட்டத்தைப் பார்த்தார்களாம். நம்ம கிரவுண்டில் ஆடிப் போனவர்கள் என்று பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பத்துக்கும் சொல்லியிருக்கிறார். பிறகு சற்றுத் தயங்கி, "கப்பை இந்தப் பக்கம் எடுத்துட்டு வருவாங்களா தம்பி?" என்று கேட்டார்.

வர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வந்தால் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன் ஐயா என்றேன்.